ஒரு விரற்கடை

நான்காவது செவ்வாய்க்கிழமை என்னையும் என் மனைவியையும் சுற்றிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜோடி நடன வகுப்பில் சுற்று என்றால், ஆண்கள் வட்டமாக நின்ற இடத்திலேயே நிற்பார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொடுக்கும் பெண் "சேஞ்ச்" என்பாள். பெண்கள் எல்லாரும் ஒரு இடம் நகர்ந்து அடுத்த ஆணிடம் போவார்கள். எல்லாரும் எல்லாரோடும் ஆடிப் பழக வேண்டுமாம்.

"அங்கிள், நீங்க ரெண்டு பேரும் அந்த ஜன்னல் பக்கம் தனியா பிராக்டிஸ் பண்ணுங்க. கொஞ்ச நாளைக்கு மட்டும்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டே சொல்லப்படும் எதையும் நான் நம்புவதில்லை. முப்பது வருடமாக நானும் சிரித்துக்கொண்டேதான் "அந்தக் கலர் ஸ்டாக் இல்லம்மா" என்று சொல்லி வருகிறேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இதில் வரும் மற்றவர்கள் எல்லாரும் சொல்வார்கள். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருக்கிறேன். இருபத்தொரு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தேன். இப்போது அந்தத் தளத்துக்கு சூப்பர்வைசர். கோபத்தைக் கடையில் காட்ட முடியாது. எனவே அது பஸ்ஸிலும் வீட்டிலும் வெளியே வரும். பாவம், என் மனைவி.

அவள் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைக்கிறாள். மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபின் மெஷின் சத்தம்தான் வீட்டின் சத்தம். அந்த நடன ஆசிரியை ஒருநாள் பாவாடை தைக்க வந்திருக்கிறாள். சுழன்றால் குடை மாதிரி விரிய வேண்டும், கால் தட்டக் கூடாது. மூன்று கடைக்காரர்கள் கெடுத்த பாவாடையை இவள் ஒரே நாளில் சரிசெய்து கொடுத்தாள். அந்தப் பெண் மகிழ்ந்துபோய், எட்டு வாரத் தொடக்க வகுப்புக்கு இருவரும் சும்மா வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். செவ்வாய்தோறும் மாலை. எனக்கு வார விடுமுறை செவ்வாய்.

"இதெல்லாம் நமக்கெதுக்கு?" என்றேன்.

"கடைசி நாள் எல்லாரும் ஆடுவாங்களாம். அதுல ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு, முழுசா, நீங்களும் நானும் ஆடணும். அவ்வளவுதான் கேக்கேன்" என்றாள். இருபத்து நான்கு வருடத்தில் அவள் என்னிடம் கேட்டவற்றை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதில் பாதி தையல் மெஷினுக்கான உதிரிப் பாகங்கள். மறுக்க முடியவில்லை. கோபத்தோடு சரி என்றேன்.

அடையாறு காந்தி நகரில், கீழே மருந்துக்கடையும் மேலே இரண்டாவது மாடியில் கூடமும். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பெருங்குடியிலும் அதற்கப்பாலும் கணினி வேலை பார்க்கிறவர்கள் ஒரு பதினைந்து பேர், கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார்கள். நான் வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கண்ணாடியில் பார்த்தபோது, மற்றவர்களுக்குப் புடவை எடுத்துக் காட்ட வந்தவன் மாதிரிதான் இருந்தேன்.

முதல் கோபம் எண்ணிக்கைமேல் வந்தது. "ஒன் டூ த்ரீ, ஃபைவ் சிக்ஸ் செவன்" என்றாள் ஆசிரியை. நாலு எங்கே? அந்த இடத்தில் சும்மா நிற்க வேண்டுமாம். எட்டிலும் அப்படித்தானாம். மீட்டர் மீட்டராக எண்ணியே வயதைக் கழித்தவனிடம் நாலை விழுங்கச் சொன்னால் எப்படி விழுங்குவான்? நான் நாலில் கால் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் வைத்தேன். தரை வழுக்குகிறது என்றேன், பாட்டு சரியில்லை என்றேன். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்று என் மனைவி சத்தமாகவே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு முதல் அரை மணியிலேயே வந்துவிட்டது. மெஷின் மிதித்த கால் அல்லவா, தாளம் அதில் இருந்தது.

இரண்டாவது கோபம் சொல்ல வெட்கமானது. "சேஞ்ச்" என்றதும் என் மனைவி நகர்ந்து, ஒரு உயரமான பையனிடம் போனாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும், தாடி வைத்திருந்தான். இந்த ஆட்டத்தில் ஆண் தன் வலது கையைப் பெண்ணின் முதுகில், இடது தோள்பட்டை எலும்பின்மேல் வைக்க வேண்டும். அந்தக் கை சொல்வதைக் கேட்டுத்தான் அவள் நகர்வாள். அவன் வைத்தான். பிறகு அவளிடம் குனிந்து ஏதோ கேட்டான். அவள் தலையசைத்தாள். அவன் கையை எடுத்து இன்னும் நாலு விரல் கீழே வைத்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் முன்னால் யாரோ ஒரு பெண் நின்று "அங்கிள், ஆரம்பிச்சிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாரமும் அவன் கை அதே கீழ் இடத்துக்கே போனது. ஒவ்வொரு வாரமும் நான் பார்த்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கூடத்திலேயே நான் ஒருவன்தான் யோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் என் கை யார் முதுகிலும் படவில்லை. ஒரு விரற்கடை தள்ளி, காற்றில் நின்றது. முப்பது வருடப் பழக்கம் அது.

பட்டுப் பிரிவில் விற்பவன் புடவையைத் தன்மேல்தான் கட்டிக் காட்டுவான். இடுப்பில் கொசுவம் பிடித்து, தோளில் முந்தானை போட்டு, மீசையோடு கல்யாணப் பெண் மாதிரி நிற்போம். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் வாங்க வந்தவரின் தோளில் நாங்கள் போட மாட்டோம். கூட வந்த அம்மாவிடமோ அக்காவிடமோ கொடுப்போம், அவர்கள் போடுவார்கள். புடவையைக் கொடுக்கும்போது இரண்டு ஓரத்தைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், நடுவில் அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். விரல் படக் கூடாது. கடையின் முதல் சட்டம் இது.

சேர்ந்த முதல் வருடம் ஒரு முகூர்த்த நாள் கூட்டத்தில், ஒரு பெண்மணி அவசரமாக ஒரு புடவையை இழுத்தபோது என் விரல் அவர் கையில் பட்டுவிட்டது. அவர் கவனிக்கவே இல்லை. முதலாளி கவனித்தார். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, கையைக் கவிழ்த்து நீட்டச் சொல்லி, துணி அளக்கும் இரும்புக் கோலால் புறங்கையில் அடித்தார். மூன்று அடி. "பொம்பளையாளு நம்ம கடைய நம்பி வாராங்க. இந்தக் கை அத மறந்துரக் கூடாது" என்றார். பிறகு ஆறு மாதம் கிடங்கில் மடிப்பு வேலை. அந்தக் கை மறக்கவில்லை. அதற்கு அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாலும் ஒரு விரற்கடை தள்ளித்தான் நிற்கும். அதில் எனக்குப் பெருமை. புதிதாக வருகிறவர்களுக்கு நானே கற்றுக்கொடுக்கிறேன். அதே கோலை நானும் இரண்டு தடவை எடுத்திருக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்படிப்பட்ட என்னைத்தான் சுற்றிலிருந்து எடுத்தார்கள். பஸ்ஸில் வீடு வரை கத்தினேன். திருநீறு பிடிக்கவில்லை, தேங்காய் எண்ணெய் பிடிக்கவில்லை, ஜவுளிக்கடைக்காரன் என்று தெரிந்துபோயிற்று, இங்கிலீஷ் பேசாதவனின் கையைப் பிடிக்க இவர்களுக்கு வலிக்கிறது. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் மனைவி ஜன்னல் வழியாக நந்தனத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சொன்னதை ஒப்புக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியையிடம் போய் எல்லார் முன்னாலும் கேட்டேன். "என்னைய ஏன்மா ஒதுக்கி வச்சீங்க? காரணத்தச் சொல்லுங்க."

அவள் தயங்கினாள். "கோச்சுக்காதீங்க அங்கிள். மூணு நாலு பேர் வந்து சொன்னாங்க…"

"யாரு?"

"நான்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெருங்குடியில் வேலை பார்க்கும் பெண், ஒல்லியாக, கண்ணாடி போட்டவள். முதல் வாரத்தில் "ஆரம்பிச்சிட்டாங்க" என்று என்னிடம் சொன்னவள் அவள்தான். "நான் சொன்னேன். நீங்க என்னைத் தொட மாட்டேங்கறீங்க."

எனக்குப் புரியவில்லை.

"எல்லார் கையும் முதுகுல படுது. உங்க கை மட்டும் மேல மேல நிக்குது. எதிர்ல நின்னு நானும் மூணு வாரம் பாத்தேன். எங்க ஊர்ல டீக்கடையில எங்க அம்மாவுக்கு மீதிச் சில்லறை குடுக்கறப்ப, கையில படாம மேலேர்ந்து போடுவான். சின்ன வயசுல பக்கத்துல நின்னு பாத்துருக்கேன். உங்க கை அதே கைதான் அங்கிள். அதுக்காகவா நான் வேலைய முடிச்சிட்டு இவ்ளோ தூரம் வரேன்?" அவள் குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை. என்னைவிட அதிகமான கோபத்தில்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. நானா, என்னையா, முப்பது வருடம், மரியாதை, கடைப் பழக்கம், உங்களையெல்லாம் மதித்ததற்கு இதுவா கூலி. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது கடை இல்லையே" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கீழே மருந்துக்கடை ஓரத்தில் இளநீர் வண்டி. வண்டிக்காரர் என்னைப் பார்த்ததும் அரிவாளை எடுத்தார். "இன்னா சார், மூஞ்சி இப்டி கீது? வழுக்கையா குடுக்கட்டா, தண்ணியா குடுக்கட்டா?" எதையாவது வெட்டு என்றேன். பாதி குடிக்கும்போது என் மனைவி இறங்கி வந்தாள்.

"நீயே சொல்லு" என்றேன். "நானா அப்படிப்பட்டவன்? நீ போய் அவகிட்ட சொல்லு. நம்ம வீட்டுக்கு வராத ஆளா? நான் யாரையாவது அப்படி நடத்தி இருக்கேனா? கடையில ஒழுக்கமா இருந்த கை, அது அப்படியே நிக்குது. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்" என்றாள். "அந்தப் புள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அவ கண்டதத்தான அவ சொல்லுதா."

"சரி, உனக்குத் தெரியும்லா. நீ சொல்லு."

"எனக்குத் தெரியும்" என்றாள். வண்டிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "போன வாரம் ஜன்னல் பக்கம் நிக்க வச்சாங்களே, நீங்களும் நானும் மட்டும். அப்ப என் முதுகுலயாவது உங்க கை பட்டுச்சா?"

பட்டிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். இளநீர்க் குழலை வாயில் வைத்துக்கொண்டேன்.

"காப்பிய மேசையிலதான் வைக்கீங்க. சம்பளத்த டிவி மேலதான் வைக்கீங்க. பனகல் பார்க்ல ரோடு தாண்டும்போது என் தோள்பையோட வாரைத்தான் புடிச்சு இழுத்துட்டுப் போறீங்க. என் கைய இல்ல."

"புள்ள பெத்திருக்கோம்" என்றேன். அசட்டுத்தனமான பதில்தான்.

"அது விளக்க அணைச்சப்புறம். நான் வெளிச்சத்துல கேக்கேன்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி மாடியேறிப் போய்விட்டாள். நான் தனியாக பஸ் ஏறினேன்.

ஆறாவது வாரமும் ஏழாவது வாரமும் நான் போகவில்லை. அவள் போனாள். செவ்வாய் மாலையில் தனியாக வீட்டில் உட்கார்ந்து எல்லார்மேலும் கோபப்பட்டேன். அந்தக் கண்ணாடிக்காரப் பெண்மேல், அவள் ஊர் டீக்கடைக்காரன்மேல், ஆசிரியைமேல், பாவாடைமேல். கடையில் அண்ணாச்சியின் படம் கல்லாவுக்கு மேல் சந்தன மாலையோடு மாட்டியிருக்கிறது. காலையில் கடை திறந்ததும் அதற்கு ஊதுபத்தி ஏற்றுவது நான்தான். ஏழாவது வகுப்புக்கு மறுநாள் ஏற்றவில்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண்மணிக்கே தெரியாமல் பட்ட ஒரு விரலுக்காக, என் கையை இந்த ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் கொடுத்துவிட்டு, அதைப் பெருமை என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். பல்லாயிரம் பேருக்கு முன்னால் புடவை கட்டி நின்றபோது வராத வெட்கம் அப்போது வந்தது.

எட்டாவது செவ்வாய் அவள் கிளம்பும்போது நானும் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

கூடத்தில் காகிதத் தோரணமும் சமோசாவும் இருந்தன. கண்ணாடிக்காரப் பெண்ணிடம் முதலில் போனேன். "தப்புதாம்மா. நான் நெனச்சது வேற. ஆனா உனக்கு அது அப்படித்தான் இருந்திருக்கும்" என்றேன். அவள் மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் "சரி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முதல் பாட்டு தொடங்கியது. என் மனைவி என் எதிரில் வந்து நின்றாள். அவளே தைத்த மாம்பழ நிற ரவிக்கை. இடது கையால் அவள் கையைப் பிடித்தேன். வலது கை போனது, வழக்கமான இடத்தில் நின்றது. எனக்கு என் கைமேலேயே கொலைவெறி வந்தது. அழுத்தினேன். பட்டது.

"ஸ்ஸ்" என்று முகத்தைச் சுளித்தாள்.

கையை எடுத்துவிட்டேன். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அந்த இடத்துல எப்பவும் வலிக்கும். ஆடுங்க."

மறுபடி மெதுவாக வைத்துப் பார்த்தேன். எலும்பின்மேல், புளியங்கொட்டை அளவில், கல் மாதிரி ஒரு முடிச்சு. பட்டுப் புடவையில் ஒரு இழை அறுந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கும் விரல் இது. "எத்தன நாளா?" என்றேன்.

"மெஷின் மேல குனிஞ்சு குனிஞ்சு வந்தது. நாள் என்ன நாள், பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும்."

"எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கல. அந்த உசரமான பையன் மொத நாளே கேட்டான். கை வச்ச உடனே, 'ஆன்ட்டி, இங்க வலிக்குதா'ன்னு. அதுக்கப்புறம் கையக் கொஞ்சம் கீழதான் வைப்பான். நீங்களும் கீழ வைங்க. பாட்டு போகுது பாருங்க."

என்னால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேனே, அந்தக் கை. அதை உடைக்க வேண்டும் என்றுகூட ஒரு தடவை நினைத்தேன். அவனுக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்தது எனக்கு இருபத்து நான்கு வருடத்தில் தெரியவில்லை. அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, எங்களைச் சுற்றி எல்லாரும் ஆட, நாலிலும் ஐந்திலும் நகராமல் மரம் மாதிரி நின்றேன். அவள் இரண்டு தடவை என்னை அசைத்துப் பார்த்தாள். பிறகு அவளும் நின்றாள். பாட்டு முடிந்துவிட்டது.

"ஒரு பாட்டு போச்சு" என்றாள்.

அடுத்த பாட்டுக்கு அந்த உயரமான பையன் வந்து, என்னைப் பார்த்து, "அங்கிள், ஆன்ட்டியோட ஒரு டான்ஸ்?" என்று கேட்டான். என்னிடம் ஏன் கேட்கிறாய், அவளிடம் கேள் என்று எரிந்து விழுந்தேன். அவளிடம் கேட்டான். போனாள். ஒரு பாட்டு முழுசாக ஆடினாள், ஒரு அடி பிசகாமல், தலை நிமிர்ந்து. நாலு வருடம் பழகியவள் போல. எல்லாரும் கைதட்டினார்கள். அவள் எட்டு வாரத்துக்கு முன் கேட்டது அந்த ஒரு பாட்டைத்தான். அது கிடைத்துவிட்டது. என்னோடு இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நான் கத்தவில்லை. கத்துவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. பனகல் பார்க் அருகே இறங்கியபோது எட்டு மணி, கடைகளிலிருந்து கூட்டம் வழிந்துகொண்டிருந்தது. சாலை விளிம்பில் நின்றோம். பையின் வாரைத் தேடி என் கை தானாகப் போனது. வார் அங்கே இல்லை. அவள் பையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றி மாட்டியிருந்தாள். இந்தப் பக்கம் அவள் கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.